சொந்தக் கொடி மிளகைப் பதப்படுத்துவது எப்படி? பறிப்பு முதல் மூட்டை வரை

கொல்லிமலையில் சில்வர் ஓக் மரங்களில் ஏற்றிவிட்ட கொடிகள் நூற்றுச் சொச்சம் எங்களுக்கு இருக்கின்றன. பெரிய தோட்டம் இல்லை. ஆனாலும் தை பிறந்தால் புதிதாக இடம் வாங்கியவர்களும் சொந்தக்காரர்களுமாக நாலைந்து பேராவது போன் செய்வார்கள். "பறிச்சாச்சு, இப்ப என்ன பண்றது?" என்பதுதான் எல்லோரும் கேட்கும் கேள்வி. அதைப் பறிப்பதற்கு ஒரு வாரம் முன்பே கேட்டிருக்க வேண்டும். பறித்த மிளகு யாருக்காகவும் காத்திருக்காது. குவியலில் கிடந்தால் புழுங்கும், புழுங்கினால் பூஞ்சை பிடிக்கும். அதனால் வேலையைப் பின்னாலிருந்து யோசித்துக்கொண்டு வரவேண்டும்: முதலில் காயவைக்கும் களம், பிறகு அடுப்பு, அதன் பிறகுதான் ஏணி.

கீழே உள்ளவை 20 கிலோவிலிருந்து 200 கிலோ வரை பச்சைக் காய் எடுப்பவர்களுக்கானவை.

1. ஏணியை எடுக்குமுன் தயாராக இருக்க வேண்டியவை

முதலில் இடம். பச்சை மிளகைச் சுண்டுவிரல் கனத்துக்கு மேல் பரப்பக் கூடாது. அந்தக் கணக்கில் 10 கிலோவுக்குச் சுமார் 20 சதுர அடி வேண்டும். 100 கிலோ என்றால் பத்துக்கு இருபது அடி தார்ப்பாய் ஒன்று முழுதாகப் போய்விடும். இடம் 50 கிலோவுக்குத்தான் இருக்கிறதா? அன்றைக்கு 50 கிலோ மட்டும் பறியுங்கள்.

சிமெண்ட் களம் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் சுத்தமான தார்ப்பாயோ மூங்கில் பாயோ போதும். மூங்கில் பாய் என்றால் வெந்தய விழுதைப் பூசிக் காயவிட்டுப் பயன்படுத்துங்கள். இடுக்குகள் அடைபடும், மணிகள் சிக்காது. சாணம் மெழுகிய தரை வேண்டாம். உணவுப் பொருளில் அந்தக் கிருமிகள் ஏறக் கூடாது என்பது ஒன்று, வாங்குபவர் முகர்ந்த உடனே கண்டுபிடித்துவிடுவார் என்பது இன்னொன்று. தார் ரோட்டில் காயவைப்பதைப் பற்றி நான் பேசவே விரும்பவில்லை.

மற்ற சாமான்கள்: 20 லிட்டர் பிடிக்கும் அண்டா, அதற்குள் இறங்குகிற மாதிரி ஓட்டை உள்ள மூங்கில் கூடை, விறகு, நாலைந்து சுத்தமான சாக்குகள், முறம், சல்லடை, கிராம் காட்டும் தராசு, ஒரு சின்ன வலைப் பை. உரச் சாக்கை எக்காரணம் கொண்டும் எடுக்காதீர்கள், எத்தனை தடவை கழுவியிருந்தாலும்.

அடுத்தது வானம். தொடர்ந்து நாலு நாள் வெயில் வரும் என்ற நம்பிக்கை இருந்தால் மட்டும் பறிப்பு. மலையில் மதியம் மூன்று மணிக்கே மூட்டம் இறங்கும் நாட்கள் உண்டு. அப்படிப்பட்ட வாரத்தில் காய் கொடியிலேயே இருக்கட்டும். அதைவிடப் பத்திரமான கிடங்கு இல்லை.

2. எந்த மிளகு வேண்டும் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

பச்சை மிளகு, கருமிளகு, வெள்ளை மிளகு மூன்றும் ஒரே கொடியின் காய்கள்தான். பறிக்கும் நாள்தான் வேறு. இது தெரியாமல் பறித்துவிட்டு வந்து, "இதில் கொஞ்சம் வெள்ளை மிளகு போடலாமா?" என்று கேட்பவர்கள் நிறைய.

ஊறுகாய்க்கு, உள்ளே விதை இறுகுவதற்கு முன்பே பறிக்க வேண்டும். நகத்தால் அழுத்தினால் சுலபமாக நசுங்கும் பருவம் அது. கருமிளகுக்கு முற்றிய பச்சைக் காய். வெள்ளைக்கு முழுதாகச் சிவந்த பழம்.

ஊறுகாய் சுலபம் என்பதால் இங்கேயே முடித்துவிடுகிறேன். இளம் சரங்களைக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, கண்ணாடி பாட்டிலில் போட்டுக் கால் கிலோவுக்கு 50 கிராம் கல்லுப்பு சேருங்கள். காய் முழுதும் மூழ்கும் அளவுக்கு எலுமிச்சைச் சாறு ஊற்றுங்கள். முழுதும் என்பது முக்கியம். பச்சை மிளகின் தோலில் உள்ள நொதி, காற்றுப் பட்டால் காயைக் கறுக்க வைக்கும். உப்பும் புளிப்பும் அதைத் தடுக்கும். சாற்றுக்கு மேலே துருத்திக்கொண்டிருக்கும் காய் மட்டும் கறுத்துப்போவதை நீங்களே பார்க்கலாம். அதே நொதியைத்தான் ஆறாவது படியில் நாம் வேண்டுமென்றே தூண்டிவிடப் போகிறோம்.

3. பறிக்கும் பதம்

ஒரு சரத்தில் ஒன்றிரண்டு மணி ஆரஞ்சாகவோ சிவப்பாகவோ மாறியிருந்தால் அந்தச் சரம் தயார். சரம் முழுக்கப் பச்சையாக இருந்தால் காத்திருங்கள். சந்தேகமாக இருந்தால் ஒரு மணியைக் கத்தியால் இரண்டாக வெட்டிப் பாருங்கள். பால் போலக் கசிந்தால் இன்னும் ஆகவில்லை. வெள்ளையாக, கெட்டியாக இருந்தால் ஆயிற்று.

ஒரே கொடியில் எல்லாச் சரமும் ஒன்றாக முற்றுவதில்லை. மழை பிடித்தபின் பூ பல நாட்களாக விட்டு விட்டுப் பூத்திருக்கும். அதனால் இரண்டு மூன்று தடவை பறிக்க வேண்டியிருக்கும். கேரளத்தின் தாழ்வான பகுதிகளில் நவம்பரிலேயே பறிப்பு தொடங்கிவிடும். மலைத் தோட்டங்களில் ஜனவரியிலிருந்து மார்ச் வரை போகும்.

என் சித்தப்பா மகன் ஒரு வருடம், கூலி ஆள் ஒரு நாளைக்குத்தான் கிடைத்தார் என்று எல்லாக் கொடியையும் ஒரேயடியாக உருவிவிட்டான். காய்ந்தபின் முறத்தில் போட்டுப் புடைத்தால் பாதி பறந்தது. முற்றாத காய் காய்ந்தால் உள்ளே ஒன்றும் இருக்காது. தோல் மட்டும் சுருங்கி நிற்கும். இதைத்தான் பொக்கு என்கிறோம்.

பொக்குக்கு இன்னொரு காரணம் பொள்ளு வண்டு. தாழ்வான, நிழல் அடர்ந்த தோட்டங்களில் இதன் தொல்லை அதிகம். மணியில் சின்னத் துளை இருந்து, அழுத்தினால் பொடிந்தால் அது வண்டு வேலை. துளையே இல்லாமல் பொக்காக இருந்தால் அவசரப் பறிப்பு.

4. பறிப்பு

பனி காய்ந்தபின், காலை ஒன்பது மணிக்கு மேல் ஏறுங்கள். ஈரச் சரம் குவியலில் சீக்கிரம் புழுங்கும். அதைவிட, ஈர மூங்கிலில் கால் வழுக்கும். ஒற்றை மூங்கில் ஏணியில் ஏறுகிறவர் எவ்வளவு அனுபவசாலியாக இருந்தாலும் கீழே ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும், மேலே ஏணியை மரத்தோடு கயிற்றால் கட்டட்டும். கொடியைப் பிடித்துக்கொண்டு ஏறக் கூடாது. கொடி மரத்தைப் பற்றியிருக்கும் கணுக்கள் விட்டுப்போனால் அடுத்த வருட விளைச்சலும் போச்சு.

சரத்தைக் காம்போடு கிள்ளி இடுப்புப் பையில் போடுங்கள். இழுக்க வேண்டாம்; இழுத்தால் பக்கக் கிளை கையோடு வரும்.

தரையில் உதிர்ந்து கிடப்பதைத் தனியே பொறுக்குங்கள், தனியே காயவையுங்கள். மண்ணும் பூஞ்சையும் பட்ட அந்த ஒரு படி மிளகு, நல்ல மிளகு மூட்டை முழுவதையும் கெடுக்கும். முழுதாகச் சிவந்த பழங்களையும் இப்போதே பிரித்துவிடுங்கள். வெள்ளை மிளகுக்கு அவை வேண்டும்.

5. உதிர்ப்பு

பறித்த சரங்களைச் சாக்கில் போட்டு, நிழலில், இரவு முழுக்க வைத்துவிடுங்கள். 12 மணி நேரம் போதும். சரம் லேசாக வாடி, மணிகள் காம்பிலிருந்து சுலபமாக விடுபடும். ஒரு நாளைத் தாண்டினால் குவியலுக்குள் கையை விடும்போதே சூடு தெரியும். அது கெடத் தொடங்கியதன் அறிகுறி.

மறுநாள் காலை சாக்கின் மேல் பரப்பிக் கையால் தேய்த்தோ, நன்றாகக் கழுவிய காலால் மிதித்தோ உதிர்க்கலாம். 100 கிலோவுக்கு மேல் என்றால் உதிர்க்கும் இயந்திரத்தை வாடகைக்குப் பாருங்கள். கையால் தேய்ப்பவர்கள் அந்தக் கையைக் கண்ணருகே கொண்டுபோக வேண்டாம். எங்கள் வீட்டில் வருடத்துக்கு ஒருவராவது மறந்துவிடுகிறார்கள்.

சரத்தோடு காயவைத்துப் பிறகு உதிர்த்தால் என்ன என்று கேட்பார்கள். காயும். ஆனால் காம்பு ஈரத்தைப் பிடித்து வைப்பதால் ஓரிரு நாள் கூடும். காய்ந்தபின் தேய்க்கும்போது தோல் உரிந்து தூசியாகும். மிளகின் வாசனை எண்ணெய் பெரும்பாலும் தோலில்தான் இருக்கிறது. உரிந்து போவது வாசனை.

6. வெந்நீரில் முக்குதல்

பலர் தாண்டிப் போகும் படி இது. செய்தால் கிடைக்கும் பலன் கண்ணுக்கே தெரியும்.

அண்டாவில் முக்கால் பாகம் தண்ணீர் நன்றாகக் கொதிக்க வேண்டும். கூடையில் மூன்று நாலு கிலோ உதிர்த்த மிளகைப் போட்டு முழுதாக முக்குங்கள். நான் வாய்விட்டு அறுபது எண்ணுவேன். அறுபது முடிந்ததும் தூக்கி, சொட்ட விட்டு, உடனே வெயிலில் பரப்பிவிட வேண்டும். அடுத்த கூடைக்கு முன் தண்ணீர் மறுபடி கொதிக்கட்டும். தண்ணீர் கலங்கிப் பழுப்பானால் மாற்றிவிடுங்கள்.

ஒரு நிமிடச் சூட்டில் தோலின் செல்கள் உடைந்து, உள்ளே இருக்கும் நொதி காற்றோடு சேர்ந்து வேலை செய்யத் தொடங்குகிறது. வெயிலில் போட்ட சில மணி நேரத்தில் பச்சை பழுப்பாகும், பிறகு கறுக்கும். எல்லா மணியும் ஒரே நிறத்தில் பளபளப்பாக வரும். தோல் இளகியதால் ஈரமும் சீக்கிரம் வெளியேறும். முக்காத மிளகு காய ஆறேழு நாள் பிடிக்கிற வெயிலில், முக்கியது மூன்று நாலு நாளில் காய்ந்துவிடும். மேலே இருந்த தூசியும் கிருமியும் குறைவது கூடுதல் லாபம்.

"ஒரு நிமிஷத்துல இவ்வளவு ஆகுதுன்னா அஞ்சு நிமிஷம் வெச்சா?" என்று கேட்ட உறவினர் ஒருவர் செய்தும் பார்த்தார். அதிகமாக வெந்தால் அந்த நொதியே செத்துவிடும். கறுப்பேறவில்லை. மங்கிய பழுப்பு நிறத்தில், பழைய சரக்கு மாதிரி வந்தது. அறுபதோடு நிறுத்துங்கள்.

வானம் மூடிய நாளில் முக்காதீர்கள். நனைந்த, சூடான மிளகுக்கு வெயில் இல்லையென்றால் பூஞ்சைக்குப் பந்தி போட்ட மாதிரி.

7. காயவைத்தல்

முதல் நாள்தான் முக்கியம். அன்றைக்கு முக்கால் மணி நேரத்துக்கு ஒரு தடவை கிளறிவிடுங்கள். மறுநாளிலிருந்து இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை போதும். காலால் கோடு இழுத்தபடி நடந்தால் அடி மேலாகும். கால் சுத்தமாக இருக்கட்டும். கோழியும் நாயும் களத்துப் பக்கம் வராமல் ஒரு ஆள் இருக்கட்டும்.

மாலை நாலு மணிக்கெல்லாம் அள்ளிவிட வேண்டும். மலைப் பனி ஓர் இரவில் ஒரு பகல் வெயிலைத் திருப்பி வாங்கிக்கொள்ளும். அள்ளியதை வீட்டுக்குள் சாக்கின் மேல் பரப்பி வையுங்கள்.

இதில் நான் பட்டது. முதல் வருடம், இரண்டாம் நாள் மதியம் மூட்டம் இறங்கியது. அவசரத்தில் எல்லாவற்றையும் ஒரு மூலையில் குவித்து, பிளாஸ்டிக் தாளால் காற்றுப் புகாமல் இறுக்கி மூடிவிட்டேன். மழை இரண்டு நாள் விடவில்லை. திறந்தபோது குவியல் வெதுவெதுப்பாக இருந்தது, புளித்த மாவு வாடை அடித்தது. நடுவில் இருந்த மணிகளின் மேல் வெள்ளையாகப் பஞ்சு. அத்தனையும் எருக்குழிக்குப் போனது. வெயில் இல்லாத நாளில் மூடக் கூடாது. வீட்டுக்குள் மெல்லிசாகப் பரப்பி மின்விசிறியைப் போட்டு, அவ்வப்போது கிளறுங்கள். காயாவிட்டாலும் கெடாது.

அடுப்புப் பரணில் போட்டுக் காயவைத்தால் புகை வாசனை ஏறும். வீட்டுச் செலவுக்கு என்றால் உங்கள் இஷ்டம். விற்கப் போனால் விலையில் கழிப்பார்கள்.

8. காய்ந்துவிட்டதா என்று எப்படித் தெரியும்?

"நாலு நாளா வெயில்லதான் கெடக்குது, காஞ்சிருக்கும்ங்ணா" என்பது பதில் அல்ல. எண்ணிக்கையால் சொல்ல வேண்டும்.

முக்கியவுடன், பரப்புவதற்கு முன், அதிலிருந்து சரியாக ஒரு கிலோவை எடுத்து வலைப் பையில் கட்டி, மற்ற மிளகின் நடுவிலேயே மெல்லிசாகப் பரத்திப் போடுங்கள். தினமும் மாலை அதை மட்டும் நிறுத்து எழுதிக்கொள்ளுங்கள். 100 கிலோ பச்சைக்குச் சுமார் 33 கிலோ காய்ந்த மிளகு தேறும். ரகத்தைப் பொறுத்துக் கொஞ்சம் முன்பின் இருக்கும். ஆகவே பை 330, 350 கிராம் பக்கம் வந்து, அடுத்தடுத்த இரண்டு மாலையும் எடை இறங்காமல் நின்றால் காய்ந்தது என்று அர்த்தம். 420இல் நிற்கிற மாதிரி தெரிந்தால் அன்றைக்கு வெயில் போதவில்லை, அவ்வளவுதான்.

கடித்தும் பார்க்கலாம். 'டக்' என்று இரண்டாக உடைய வேண்டும். பல்லில் அமுங்கினால் ஈரம் இருக்கிறது.

வேண்டிய ஈரப்பதம் 10, 11 சதவீதம். 12ஐத் தாண்டினால் மூட்டைக்குள் பூஞ்சை வளரும். அது விடும் நஞ்சு, மேலே தெரிகிற பூஞ்சையைத் தட்டிவிட்டாலும் போகாது. பூஞ்சை பிடித்ததை வீட்டுச் சமையலுக்கும் எடுக்காதீர்கள்.

9. புடைத்தல், தரம் பிரித்தல்

முறத்தில் புடைத்தால் காம்பு, தூசி, பொக்கு எல்லாம் பறந்துவிடும். பிறகு சல்லடை.

மூட்டையின் தரத்தை ஒரே நிமிடத்தில் பார்க்க வியாபாரிகள் செய்வது லிட்டர் எடை. ஒரு லிட்டர் படியில் தலைதட்டி அளந்து நிறுப்பார்கள். 550 கிராமுக்குக் குறையாமல் இருந்தால் நல்ல கனமான மிளகு. இதை வீட்டிலேயே செய்துவிட்டுப் போங்கள். என்னிடம் ஒருவர் மூட்டையில் கையை விட்டு ஒரு பிடி அள்ளிப் பார்த்து, "பொக்கு ஜாஸ்தி" என்று கிலோவுக்கு ஒரு தொகை கழித்தார். மறுத்துப் பேச என்னிடம் எண் இல்லை. அடுத்த வருடம் 560 என்று எழுதிய சீட்டோடு போனேன், பேச்சு வேறு மாதிரி இருந்தது.

மணி பெரிதாக இருந்தால் சலித்துப் பிரிப்பது லாபம். மிளகு வியாபாரத்தில் மணியின் அளவைச் சொல்லும் தலைச்சேரி தரங்களில் 4.25 மி.மீ. சல்லடையில் நிற்பது 'எக்ஸ்ட்ரா போல்டு', 4.75 மி.மீ.இல் நிற்பது 'ஸ்பெஷல் எக்ஸ்ட்ரா போல்டு'. பன்னியூர்-1 ரகத்தில் பெரிய மணி நிறையக் கிடைக்கும். கரிமுண்டா ரகத்தில் மணி சின்னது. சலித்து நேரத்தை வீணாக்க வேண்டாம்.

பொக்கு எவ்வளவு என்று பார்க்கத் தண்ணீரில் போடுவது சரிதான், மிதப்பது பொக்கு. ஆனால் மாதிரிக்கு ஒரு பிடி மட்டும். மூட்டையையே தண்ணீரில் கொட்டிப் பிரித்துவிட்டு மறுபடி காயவைத்தவரையும் பார்த்திருக்கிறேன்.

10. மூட்டை கட்டுதல்

களத்திலிருந்து சூடாக அள்ளி அப்படியே கட்டாதீர்கள். இரவு ஆறட்டும். சூட்டோடு கட்டினால் உள்ளே வியர்த்து, அந்த ஈரம் மணியிலேயே இறங்கும்.

உள்ளே கனமான பாலிதீன் பை, வெளியே புதுச் சாக்கு. தரையில் வைக்காமல் மரக்கட்டை போட்டு, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி அடுக்குங்கள். மண்ணெண்ணெய், பூச்சிமருந்து, உரம் இருக்கும் அறை வேண்டாம். மிளகு வாடையைச் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும்.

விலைக்காகக் காத்திருப்பவர்கள் ஜூன், ஜூலை ஈரக் காற்றில் ஒரு தடவை பிரித்துப் பாருங்கள். மணி நமுத்த மாதிரி தெரிந்தால் ஒரு நல்ல வெயில் காட்டி மறுபடி கட்டலாம். வீட்டுக்கு எடுப்பதை முழு மணியாகவே கண்ணாடி பாட்டிலில் வையுங்கள். காரம் உள்ளே விதையில் இருக்கிறது, அது தாங்கும். வாசனைதான் பொடித்த சில வாரங்களில் போய்விடும். ரசத்துக்கு அன்றன்றைக்குத் தட்டிக்கொள்ளலாம்.

11. பிரித்து வைத்த சிவப்புப் பழங்கள்: வெள்ளை மிளகு

நாலாவது படியில் ஒதுக்கிய பழங்களைச் சாக்கில் தளர்வாகக் கட்டி ஓடும் தண்ணீரில் ஏழு முதல் பத்து நாள் போட்டு வையுங்கள். ஓடை இல்லாவிட்டால் தொட்டி போதும், ஆனால் தினமும் தண்ணீரை மாற்ற வேண்டும். தேங்கிய தண்ணீரில் அழுகினால் மாட்டுத் தொழுவ நாற்றம் மிளகிலேயே தங்கிவிடும். பிறகு எத்தனை தடவை கழுவினாலும் போகாது.

தோல் கூழானதும் கையால் பிசைந்து தேய்த்து, தண்ணீர் தெளிகிற வரை கழுவி, வெயிலில் காயவையுங்கள். இதை வெந்நீரில் முக்கக் கூடாது. கறுப்பாக்கும் வேலை இங்கே தேவையில்லை. வெள்ளைத் துணி விரித்துக் காயவைப்பது நல்லது, தார்ப்பாயின் சாயமும் தூசியும் இதில் பளிச்சென்று தெரியும்.

பச்சைக் காயை ஊறவைத்துச் செய்து பார்ப்பவர்கள் உண்டு. தோல் விடாது, தேய்த்துத் தேய்த்துக் கை எரிவதுதான் மிச்சம்.

விலை கூட என்று எல்லாப் பழத்தையும் வெள்ளையாக்கப் போகிறவர்கள் முதலில் ஒரு கணக்குப் போடுங்கள். 100 கிலோ பழத்தில் வெள்ளை மிளகு சுமார் 25 கிலோதான் தேறும். கருமிளகு என்றால் 33. அந்த எட்டு கிலோ இழப்பையும் பத்து நாள் தண்ணீர் வேலையையும் விலை வித்தியாசம் ஈடுகட்டுகிறதா என்று சந்தையில் விசாரித்துவிட்டுச் சாக்கை ஓடையில் இறக்குங்கள். நான் வீட்டுக்கு வேண்டிய இரண்டு கிலோவோடு நிறுத்திக்கொள்கிறேன்.